லாங்கோலன் விழாவும் 320 பவுண்டு அபராதமும்

கேள்வி: பர்மிங்காமில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 12, 8 வயது. வேல்ஸில் ஜூலை மாதம் நடக்கும் லாங்கோலன் சர்வதேச இசை விழாவைப் பார்த்துவிட்டு, அப்படியே எரிரி (ஸ்னோடோனியா) மலைப் பக்கம் ஒரு வாரம் தங்க ஆசை. நாங்கள் பார்த்த வீட்டுக்கு ஜூலையில் 650 பவுண்டு, பள்ளி விடுமுறையான ஆகஸ்டில் 1,100. ஒரு வாரம் பள்ளிக்கு மட்டம் போட்டு 320 பவுண்டு அபராதம் கட்டினாலும் 130 மிச்சம்தானே? கையில் 900 இருக்கிறது. பற்றாக்குறைக்கு, பத்துப் பேர் சேர்ந்து மாதம் 200 கட்டும் ஏலச் சீட்டை மூன்றாம் மாதமே 250 தள்ளி எடுக்கலாமா?

பதில்: முதலில் சீட்டு. 2,000 பவுண்டுச் சீட்டில் 250 தள்ளினால் கைக்கு வருவது 1,750. அதில் 600 நீங்கள் ஏற்கெனவே கட்டிய உங்கள் பணம். ஆக, கடனாக வருவது 1,150தான். அதற்கு அடுத்த ஏழு மாதத்தில் 1,400 கட்டப் போகிறீர்கள். ஏழே மாதத்துக்கு, அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு, 250 பவுண்டு! கிரெடிட் கார்டுக்காரனே வெட்கப்படுவான். மற்றவர்கள் தள்ளுவதில் பங்கு வருமே என்பீர்கள். அது பொறுத்திருந்தாலும் வரும். சீட்டைக் கடைசியில் எடுங்கள்.

அபராதக் கணக்கில் உங்கள் கூட்டல் சரிதான். ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. நான்கு எண்பது 320. ஆனால் அது 21 நாளுக்குள் கட்டினால். தாண்டினால் ஒவ்வொன்றும் 160. மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாவது முறை என்றால் எடுத்த எடுப்பிலேயே 160. மூன்றாவது முறை அபராதமே கிடையாது, நேரே நீதிமன்றம் வரை போகலாம். உங்கள் சின்னவருக்கு இன்னும் எட்டு வருடப் பள்ளி பாக்கி. 130 பவுண்டுக்காக முதல் வாய்ப்பைச் செலவழிப்பானேன்?

விழா வார இறுதியையும் சேர்த்தே நடக்கிறது. பர்மிங்காமிலிருந்து லாங்கோலனுக்கு காரில் இரண்டு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வாசலிலிருந்தே கிளம்புங்கள், ஞாயிறு இரவு வீட்டில் இருக்கலாம். போருக்குப் பிறகு நாடுகளைப் பாட்டால் சேர்க்கலாம் என்று 1947இல் தொடங்கிய விழா. ஊர் ஊராக வந்த பாடகர்களும் ஆட்டக்காரர்களும் தெருவிலேயே தட்டுப்படுவார்கள். பகல் டிக்கெட்டும் மாலைக் கச்சேரி டிக்கெட்டும் வேறு வேறு. குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பகல் போதும். ஊர்ப் பெயரின் தொடக்கத்தில் வரும் இரட்டை எல், நம் 'ழ' மாதிரி வெளியாருக்குச் சுலபத்தில் வராத ஒலி. யாரையாவது சொல்லித் தரச் சொல்லுங்கள், செலவில்லை.

பக்கத்திலேயே பொன்ட்கசுல்தே கால்வாய்ப் பாலம். 1805இல் திறந்தது, 38 மீட்டர் உயரத்தில் படகு போகும். நடக்கக் கட்டணம் இல்லை. கம்பித் தடுப்பு நடைபாதைப் பக்கம் மட்டும்தான். சின்னவரின் கையை விடாதீர்கள்.

விழா வார இறுதிக்கு 250 பவுண்டு ஒதுக்குங்கள். மீதி 650 ஆகஸ்ட் கடைசிக்கு. ஒரு வாரம் வேண்டாம், மூன்று நான்கு இரவு போதும். திங்கள் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொண்டு, வங்கி விடுமுறை வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். முழு வீட்டுக்குப் பதில் யூத் ஹாஸ்டலில் குடும்ப அறை பாருங்கள். பொதுச் சமையலறை இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொண்டுபோனால் இரண்டு வேளை உணவகச் செலவு மிச்சம்.

மலை இலவசம். இர் விட்வா என்று வெல்ஷில் அழைக்கும் ஸ்னோடன் 1,085 மீட்டர். லான்பெரிஸ் பாதையில் போய்வர ஏறக்குறைய ஒன்பது மைல், ஒரு முழு நாள். 1896இல் வந்த மலை ரயில் அழகுதான், ஆனால் நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தால் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. காற்று பலமானால் உச்சி வரை போகாமலும் திரும்பும். அந்தக் காசுக்கு நல்ல மழைக் கோட்டும் பிடிமானமுள்ள காலணியும் வாங்குங்கள். அங்கே மழை கேட்டுக்கொண்டு வராது.

கோட்டைகளுக்குச் செலவு செய்யலாம். கான்வி, கனார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் நான்கையும் பார்ப்பதென்றால் இவற்றைப் பராமரிக்கும் 'கடூ' அமைப்பின் உறுப்பினர் கட்டணத்தைத் தனித்தனி டிக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (வெல்ஷில் அந்தச் சொல்லுக்குக் காத்தல் என்று பொருள்.) ஒன்றுதான் என்றால் கான்வி, ஊர் மதில்மேல் நடப்பதற்குக் காசில்லை. பியூமாரிஸில் எனக்குத் தொழில்முறைப் பாசம் உண்டு. 1295இல் முதலாம் எட்வர்டு தொடங்கினார், பணம் தீர்ந்தது, இன்றுவரை முடியவில்லை.

அப்புறம், தங்குமிட முன்பணத்தை வங்கிப் பரிமாற்றமாக அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் நேரடியாக விடுதிக்கே கட்டுங்கள். மொத்தத் தொகை 100 பவுண்டுக்கு மேல் என்றால், முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, விடுதி சொன்னபடி நடக்காவிட்டால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. இடைத்தரகுத் தளம் வழியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். பில் வந்த மாதமே 900இலிருந்து முழுதும் அடைத்துவிடுங்கள்.