கடித்த பிறகு கைகள் என்ன செய்ய வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விஷக்கடி, விலங்குக் காயம் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாம்பைப் பற்றியவை. அது நியாயம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். அதைப்போல் மூன்று மடங்குப் பேர் கை கால் இழந்தோ, நிரந்தர ஊனத்தோடோ மிஞ்சுகிறார்கள். இவர்களில் பலரைக் கடி மட்டும் கெடுக்கவில்லை. கடித்த பிறகு அவசரத்தில் செய்ததும் சேர்ந்துதான் கெடுத்தது. அதனால்தான் சில இடங்களில் நீட்டி எழுதியிருக்கிறேன்.

பாம்பு கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாதா?

தயவுசெய்து கட்டாதீர்கள். பெரும்பாலான பாம்பு விஷம் முதலில் நிணநீர் (சதைக்குள் தனிக் குழாய்களில் ஓடும் தெளிந்த நீர்) வழியாகத்தான் நகர்கிறது. தசை அசைந்தால் நிணநீர் ஓடும். ஆகவே கடிபட்ட காலை அசையவிடாமல் வைத்தாலே விஷம் பரவும் வேகம் குறையும். கயிறு செய்வது வேறு வேலை: இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். கண்ணாடிவிரியன் கடித்து ஏற்கெனவே வீங்கிக்கொண்டிருக்கும் காலில் அப்படிக் கட்டினால் சதை செத்துப்போகும். கறுத்துச் சில்லிட்ட பாதத்தோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனது கனத்துப்போகிறது. அந்தக் கட்டைப் போட்டது அவர்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவராகத்தான் இருப்பார்.

ஏற்கெனவே கட்டியாயிற்றா? சரி, வழியில் திடீரென அவிழ்க்க வேண்டாம். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்புக்குள் போய், சில நிமிடங்களில் சுவாசம் நின்றுவிடலாம். மருத்துவமனையில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஆளைப் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், செருப்பைக் கழற்றுங்கள்; வீங்கிய பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் குச்சியோ அட்டையோ வைத்து, இறுக்காமல் துணியால் சுற்றுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது இரண்டும் கூடாது.

பையன் விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்தான். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கடித்த தடம் எதுவும் இல்லாமல் பாம்புக்கடி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

உங்கள் மருத்துவர் சரியாகவே பிடித்திருக்கிறார். இது கட்டுவிரியனின் வேலை. இரவில் இரை தேடி வரும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். அதன் பல் சிறியது. பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. கொசு கடித்த அளவுக்குக்கூடத் தடம் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசையும். அப்புறம் இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். இந்த நிலையில் நோயாளிக்குப் பல நேரம் நினைவு இருக்கும்; நாம் பேசுவது காதில் விழும், விரலைக்கூட அசைக்க முடியாது. செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாள்கணக்கானாலும் மீண்டு வருவார்கள். இரவு நன்றாகத் தூங்கப்போனவர் காலையில் வயிற்றுவலியும் சரிந்த இமையுமாக எழுந்தால், அது பாம்புக்கடியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகித் தூங்குவது இதற்கு நல்ல காப்பு.

கடித்த பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுமா?

வேண்டாம். வெட்டிப்போட்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும், விஷமும் இறங்கும். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் போதும். பாம்பே தெரியாவிட்டாலும் இரத்தம் நிறையச் சொல்லும். 2 மில்லி இரத்தத்தை ஒரு புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். கண்ணாடிவிரியன் விஷம் ஏறியிருந்தால் தண்ணீர்போல ஓடும். சோப்புப் பொடி போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் ஏமாற்றிவிடும் என்பதால், குழாய் விஷயத்தில் கறாராக இருப்போம்.

குழந்தைக்கு விஷமுறிவு மருந்து பாதி அளவு போதுமா?

பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவுதான். ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை.

தேள் கொட்டினால் உயிருக்கு ஆபத்தா?

பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். செந்தேள் அப்படியல்ல. குப்பென்று வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டால், விஷம் இதயத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. மகாராஷ்டிர மாநிலம் மஹாடில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை இந்த நிலையில் உயிர் காக்கிறது என்று 1980களில் காட்டினார். ஒரு சாதாரண மாத்திரை எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. அது மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

தேனீக்கள் மொத்தமாகக் கொட்டிவிட்டன. கொடுக்கை எப்படி எடுப்பது?

எப்படியாவது, உடனே. கொடுக்கோடு விஷப்பையும் தோலில் தங்கி, விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்பு தடித்து, குரல் கம்மி, மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து; ஒரே ஒரு கொட்டிலும் இது வரலாம். நூற்றுக்கணக்கில் கொட்டியிருந்தால், அன்றைக்கு நன்றாக இருந்தாலும் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

கடலில் திருக்கை முள் குத்திவிட்டது. ஐஸ் வைக்கலாமா?

ஐஸ் வேண்டாம், சுடுநீர். 45 டிகிரி வரை, தாங்கும் சூட்டில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வையுங்கள். வலித்து மரத்த காலுக்குச் சூடு தெரியாது. இன்னொருவர் கைவைத்துப் பார்க்கட்டும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள்.

குரங்கு லேசாகக் கீறியதற்கெல்லாம் ஊசி போட வேண்டுமா?

ஆம். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை; வருவதற்கு முன் கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்ற முடியும். நாயிடமிருந்துதான் அதிகம் வருகிறது. தென் அமெரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவாலும் பரப்புகிறது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். ஒரு நிமிடம் கழுவிவிட்டு வருபவர்களே அதிகம். இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலைப் புரத மருந்து) போட வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள்.

கரடி தாக்கிய அண்ணனின் காயத்தை அன்றே தைக்காமல் விட்டது ஏன்?

கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். அதன் வாயிலும் நகத்திலும் உள்ள கிருமிகளோடு மண்ணும் ஆழத்தில் போய்விடும். மூடித் தைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும். அதனால் பல காயங்களைக் கழுவி, செத்த சதையை நீக்கி, சில நாள் திறந்தே வைத்துப் பிறகு தைப்போம். முதலைக்கடிக்கும் இதேதான். டெட்டனஸ் ஊசி, ரேபிஸ் தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். காது, உச்சந்தலைத் தோல் பிய்ந்து விழுந்திருந்தால் தூக்கி எறியாமல், ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். திரும்பப் பொருத்த முடிகிறதா என்று அறுவை மருத்துவர் பார்ப்பார்.