லைசன்ஸ் வாங்கிய 18 வயது மகன் ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்கிறான். வசதி இருக்கிறது, வாங்கிக் கொடுக்கலாமா?

அவன் கேட்கும் நிறத்தைக் கொடுங்கள். அலாய் வீல், சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் கொடுங்கள். அந்த எஞ்சினை மட்டும் கொடுக்காதீர்கள்.

வண்டி பார்க்க எப்படி இருக்கிறது என்பதும், மிதித்தால் எப்படிப் பாய்கிறது என்பதும் வேறு வேறு விஷயம். நண்பர்கள் முன்னால் இறங்கும்போது கிடைக்கும் பெருமைக்கு முதலாவதே போதும். ஆபத்தெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

அதை அளக்க எளிய கணக்கு உண்டு. காரின் குதிரைத்திறனை அதன் எடையால், அதாவது டன்னால், வகுத்துப் பாருங்கள். சாதாரணக் குடும்பக் கார் டன்னுக்கு 70 முதல் 100 வரை வரும். முதல் காருக்கு அதற்குள் இருப்பது நல்லது. 150-ஐத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன். மின்சாரக் காராக இருந்தால் இந்தக் கணக்கோடு நிறுத்தாமல், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி என்றும் பாருங்கள். மின்மோட்டாரின் முழு இழுவிசை மிதித்த நொடியே வந்துவிடும். சத்தமும் இருக்காது என்பதால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது புதிதாக ஓட்டுகிறவருக்குப் பிடிபடாது.

சாதாரணக் கார் 60-ஐத் தொடும் 5, 6 விநாடிக்குள் ஸ்போர்ட்ஸ் கார் 100-ஐத் தொட்டுவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் 60-ல் போகும் வண்டி நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். 100-ல் ஏறத்தாழ 97 மீட்டர். மோதினால் வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 60-ஐவிட 100-ல் அது 2.8 மடங்கு. அனுபவமுள்ளவருக்கும் இதே கணக்குதான். ஆனால் முன்னால் போகிற லாரி திரும்பப் போகிறது என்பதை அவர் முன்கூட்டியே ஊகித்துக் காலை எடுத்துவிடுவார். அந்த ஊகம் ஓட்டி ஓட்டித்தான் வரும். உங்கள் மகன் எவ்வளவு பொறுப்பான பிள்ளையாக இருந்தாலும் அது லைசன்ஸோடு சேர்ந்து வராது.

மழை நேரத்தில் ஒரு திருப்பத்தை யோசித்துப் பாருங்கள். சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும், வலப்பக்கம் ஒரு வண்டி வருகிறது, அதற்குள் போய்விடலாம் என்று அழுத்தி மிதிக்கிறான். டர்போ எஞ்சின் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, ஸ்டீயரிங் இன்னும் வளைந்திருக்கும்போதே மொத்த இழுவையையும் ஒரே மூச்சில் தருகிறது. பின்சக்கர இழுவை என்றால் பின்பக்கம் வழுக்கும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பான். அப்போது எடை முன்பக்கம் சாய்ந்து, பின் டயருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் போகும். வண்டி சுழலும். இதைச் சமாளிக்க இயல்பாகத் தோன்றுவதற்கு நேர் எதிராகக் கையும் காலும் வேலை செய்ய வேண்டும். பயிற்சி இல்லாமல் யாராலும் முடியாது.

இங்கேதான் இஎஸ்சி என்கிற நிலைகாப்பு அமைப்பு உயிரைக் காக்கிறது. தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு, எஞ்சின் இழுவையையும் குறைத்து வண்டியை நேராக்கும். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்களில் இது கட்டாயம். இது இல்லாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்போர்ட் மோடைப் போட்டால் இந்த அமைப்பு தாமதமாகத் தலையிடும், சிலவற்றில் முழுதாகவே அணைத்துவிடலாம். டெஸ்ட் டிரைவின்போதே அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது, அழுத்தினால் என்ன ஆகிறது என்று கேட்டு வையுங்கள்.

அதற்காகக் கிடைப்பதிலேயே குட்டிக் காராக வாங்கவும் கூடாது. பெரிய வண்டியோடு மோதும்போது எடை குறைந்த வண்டியில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ், பதின்வயதினருக்கான பரிந்துரையில் ஏறத்தாழ 1,250 கிலோவுக்குக் குறைந்த கார்களைச் சேர்ப்பதில்லை. இழுவை மிகுந்த கார்களையும் விட்டுவிடுகிறது. மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கும்போது அது எந்த ஆண்டுச் சோதனை என்றும் பாருங்கள். விதிகள் இறுகிக்கொண்டே வருவதால் பழைய 5 நட்சத்திரமும் இன்றைய 5 நட்சத்திரமும் ஒன்றல்ல.

அடுத்து வரும் யோசனை பெரும்பாலும் 'பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவாகக் கிடைக்கிறதே' என்பதுதான். என் கணிப்பில் புதியதைவிட இது மோசம். முதல் ஆள் வைத்து விளையாடிய வண்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். ஓரம் நைந்தோ உருகியதுபோல் பளபளத்தோ இருந்தால் அது விபத்தில் இழுபட்ட பெல்ட்டாக இருக்கலாம். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். வெளியே புதிதாகத் தெரிந்து உள்ளே மொழுக்கென்று இருந்தால் சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருக்கிறார்கள், அல்லது அலைன்மென்ட் போயிருக்கிறது. டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஸ்டீயரிங்கை வெளியில் வாங்கி மாற்றியிருந்தால் பெரும்பாலும் அதில் ஏர்பேக் இருக்காது, வாங்க வேண்டாம்.

செலவுக் கணக்கை நீங்கள் போடாதீர்கள், அவனையே போடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ், விபத்தானால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, உயர்ரக பெட்ரோல், 18 அங்குல டயர் நாலு, பிரேக் பேட், சர்வீஸ். ஒரு வருடத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார், சாதாரணக் கார் இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். பல வீடுகளில் வாக்குவாதம் அந்தக் காகிதத்தோடு தீர்ந்துவிடும். இன்சூரன்ஸ் தொகையைக் கார் புக் செய்வதற்கு முன்பே கேளுங்கள். ஓட்டுநரின் வயது கேட்கும் இடங்களில், பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக முக்கிய ஓட்டுநர் அப்பா என்று எழுதாதீர்கள். பொய் என்று தெரிந்தால் விபத்துக்குப் பிறகு பணம் மறுக்கப்படலாம். சொல்லாமல் செய்த எஞ்சின் மாற்றங்களுக்கும் இதே கதிதான்.

எந்தக் கார் வாங்கினாலும் முதல் ஆறு மாதம் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள்: நண்பர்கள் வண்டியில் ஏறக்கூடாது, இரவில் தனியாக ஓட்டக்கூடாது. கூட ஏறும் ஒவ்வொரு சம வயதுப் பையனும் ஆபத்தைக் கூட்டுகிறான் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. நியூசிலாந்து 1987-ல் தொடங்கிய படிப்படியான லைசன்ஸ் முறையும் இந்த இரண்டு இடத்திலும் கை வைத்தது. அங்கே முழு லைசன்ஸுக்கு முந்தைய படியில் இருக்கும் இடைநிலை லைசன்ஸ்காரர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்ட முடியாது. ஸ்போர்ட்ஸ் காரில் இந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம், ஏனென்றால் 'ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடா' என்று கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கும்.

காலி மைதானத்தில் ஒரு காலைப்பொழுது திடீர் பிரேக் பயிற்சி கொடுங்கள். 40-ல் போகும்போது பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். வண்டி உடைந்துவிட்டது என்று நினைத்துப் புதியவர்கள் காலைத் தூக்கிவிடுவார்கள். நிற்கும்வரை தூக்கக்கூடாது என்பது காலுக்குப் பழக வேண்டும்.

ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், வண்டியும் வந்துவிட்டது என்றால், ஒரு வருடத்துக்கு அதைக் குடும்பக் காராக வையுங்கள். பதிவு உங்கள் பெயரில், சாவி உங்கள் கையில். பக்கத்து சீட்டில் நீங்கள் இருக்கும்போது அதை ஓட்டட்டும், தனியாகப் போக வீட்டிலுள்ள சாதாரணக் காரை எடுக்கட்டும். சில கார்களில் இளையவருக்கென்று தனிச் சாவி அமைப்பு உண்டு. ஃபோர்டின் மைகீயில் உச்ச வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். செவர்லேயின் டீன் டிரைவர், முன்சீட் பெல்ட் போடும்வரை பாட்டை ஒலிக்கவிடாது, எவ்வளவு வேகம் போனான் என்ற விவரத்தையும் காட்டும். இப்படி எதைப் போட்டாலும் அவனிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை அந்த விவரத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். திடீர் பிரேக் அடிக்கடி பதிவானால், முன் வண்டிக்கு விடும் இடைவெளி போதவில்லை. அடுத்த வாரம் நீங்கள் கூடப் போகும்போது அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.