வாசகர் கேள்வி – பதில்: ரத்தக் காட்டேரியும் சிறுகதையும்

கேள்வி: ‘டிராகுலா’ நாவலை அண்மையில் வாசித்தேன். கோட்டை, கோரைப்பல், பூண்டு, சிலுவை என்று ஒரே வார்ப்பில் வரும் இந்த ரத்தக் காட்டேரியைச் சிறுகதைகளிலும் தேடிப் படிப்பதற்கு என்ன இருக்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: வார்ப்பு ஒன்றுதான் என்ற எண்ணத்தை நமக்கு ஊட்டியதில் திரைப்படங்களுக்கே பெரும் பங்கு உண்டு. சிறுகதைகளுக்குள் நுழைந்தால், கோரைப்பல்லே இல்லாத காட்டேரிகளைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

அலெக்சி டால்ஸ்டாய் 1839 வாக்கில் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘வூர்தலாக் குடும்பம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள்; வூர்தலாக் என்பது அங்கே ரத்தக் காட்டேரிக்குப் பெயர். (‘போரும் அமைதியும்’ எழுதியவர் அல்லர், அவருக்குத் தூரத்து உறவினர்.) செர்பிய கிராமத்துக் கிழவர் ஒருவர், கொள்ளைக்காரன் ஒருவனை வேட்டையாடப் புறப்படும்போது, பத்து நாள் கழிந்த பிறகு தாம் திரும்பி வந்தால் தாம் வூர்தலாக் ஆகியிருப்போம், வீட்டுக்குள் விடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார். பத்தாம் நாள் மாலை, மடத்துக் கடிகாரம் எட்டு அடிக்கத் தொடங்கும் அதே கணத்தில், காட்டிலிருந்து அவர் வெளிப்படுகிறார். கெடு முடிந்ததா, இல்லையா? வாசலில் நிற்பவர் பெற்ற தகப்பன். வளர்த்த நாயோ அவரைக் கண்டு குரைக்கிறது. வூர்தலாக் அந்நியரைத் தேடிப் போவதில்லை, தன் நெருங்கிய உறவினரின் ரத்தத்தையே முதலில் நாடும் என்ற நாட்டார் நம்பிக்கையை, அப்பாவை உள்ளே விடுவதா என்ற ஒரே கேள்விக்குள் அடக்கிவிட்டார் ஆசிரியர். முந்நூறு பக்க நாவலில் காட்டேரியை ஒழிக்க ஒரு குழு திரள வேண்டும், விதிகளை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். சிறுகதைக்கோ அந்த வாசற்படி போதும்.

‘டிராகுலா’ வெளிவருவதற்கு முந்தைய ஆண்டான 1896இல் மேரி எலிசபெத் பிராட்டன் எழுதிய ‘நல்ல சீமாட்டி டுகெய்ன்’ இன்னும் துணிச்சலானது. தையல் வேலை செய்து பிழைக்கும் ஏழைத் தாயின் மகள் பெல்லா, ஆண்டுக்கு நூறு பவுண்டு சம்பளத்தில் ஒரு பணக்கார மூதாட்டிக்குத் துணையாக இத்தாலி செல்கிறாள். நாளாக ஆக உடல் மெலிகிறது. கையில் இருக்கும் சிறு காயங்களைக் கொசுக்கடி என்கிறார் மூதாட்டியின் மருத்துவர். உண்மையில், அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து ரத்தத்தை எடுத்துக் கிழவிக்கு ஏற்றிக்கொண்டிருப்பவர் அவரே. இதில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை, சம்பளமும் ஊசியும்தான். எனக்கு ‘டிராகுலா’வைவிட அதிக நடுக்கம் தந்தது இதுதான்.

மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் 1902இல் எழுதிய ‘லூயெல்லா மில்லர்’ கதையில் ஒரு சொட்டு ரத்தம்கூடக் குடிக்கப்படுவதில்லை. எந்த வேலையும் செய்யத் தெரியாத அழகி ஒருத்திக்குச் சமைத்துப் போட்டும் துணி தைத்துக் கொடுத்தும், கணவன் உட்பட ஒவ்வொருவராக இளைத்துச் சாகிறார்கள். தான் கொல்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களை நம் கூட்டுக் குடும்பங்களில் பார்த்ததில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: இவ்வகையில் முதல் கதை எது? (ஈரோடு வாசகி)

பதில்: ஆங்கில உரைநடையில், ஜான் பாலிடோரி எழுதி 1819 ஏப்ரலில் வெளியான ‘வாம்பயர்’ (ரத்தக் காட்டேரி). 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில், மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டிருந்த கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அங்கேதான் கருக்கொண்டது. பைரன் தொடங்கிப் பாதியில் விட்ட கதையின் கருவை எடுத்து வளர்த்தவர் அவருடைய மருத்துவரான பாலிடோரி. பத்திரிகையோ அதைப் பைரனின் பெயரிலேயே அச்சிட்டுவிட்டது. கிராமத்து நம்பிக்கைகளில் ஊதிச் சிவந்த பிணமாக இருந்த காட்டேரியைச் சீமான்களின் விருந்துக் கூடத்துக்கு அழைத்து வந்தது இக்கதையே. கதையாக இன்று படித்தால் சற்றுச் சலிப்புத் தட்டும்.

கேள்வி: நம் வேதாளமும் இதுவும் ஒன்றா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இல்லை. பிணத்துக்குள் புகுந்து மரத்தில் தொங்கினாலும், விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்பது விடையை, ரத்தத்தை அல்ல. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு ‘விக்ரமும் வாம்பயரும்’ என்று பொருள்படத் தலைப்பிட்டதால் வந்த குழப்பம் இது. நாமும் சளைத்தவர்கள் அல்லர்: பல குடும்பங்கள் படையலிட்டுக் கும்பிடும் காட்டேரியின் பெயரை அந்த ஐரோப்பியப் பிணத்துக்குச் சூட்டியிருக்கிறோம்.

கேள்வி: ஒரே ஒரு கதை படிக்க நேரமிருந்தால்? (சேலம் வாசகி)

பதில்: உருகுவே எழுத்தாளர் ஒராசியோ கிரோகாவின் ‘இறகுத் தலையணை’ (1907). சில பக்கங்களே. புதுமணப்பெண் ஒருத்தி காரணம் தெரியாத ரத்தசோகையில் நாளுக்கு நாள் வெளுத்துச் சாகிறாள், மருத்துவர்கள் கைவிரிக்கிறார்கள். பிறகு படுக்கையை எடுக்க வந்த வேலைக்காரி, தலையணை உறையில் சிறு ரத்தக்கறைகளைக் கண்டு அதைத் தூக்குகிறாள். தூக்கியவள் உடனே கீழே போட்டுவிடுகிறாள்: தலையணை அவ்வளவு கனமாக இருக்கிறது.