தண்ணீர் வராத ஊரில் பூங்காப் பாட்டைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி இது: "சின்ன ஊர்ப் பேரூராட்சிக் கூட்டங்களில் குடிநீர், தெருவிளக்கு என்று எவ்வளவோ பிரச்சினை இருக்க, பூங்காவில் பாட்டுப் போடலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்களே, இது நேர விரயம் இல்லையா?"

எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. பார்வையாளர் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும்போது எனக்கும் இதே எண்ணம்தான். வெளியே வரும்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுடையது 15 வார்டு உள்ள பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே அரை ஏக்கரில் ஒரு பூங்கா. நாலு சிமெண்ட் பெஞ்சு, ஒரு சறுக்கு மரம், சுற்றி நடக்க ஒரு பாதை. ஓர் ஓரத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்று. பெரியவர்கள் அதை இன்னும் ரேடியோ ரூம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில் அங்கேதான் பஞ்சாயத்து ரேடியோ இருந்ததாம். மாலைச் செய்திக்கு ஊரே அங்கே கூடும் என்று அம்மா சொல்வார். இப்போது அந்த அறையில் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர், பூங்கா விளக்குகளின் சுவிட்சு, மேலே பலகையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. கூரை மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர்.

தண்ணீர் விடும் அண்ணனுக்கு இரண்டு தொட்டிகள். ஒருநாள் எங்கள் பக்கம், மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம். எங்கள் முறை வரும் நாளில் ஐந்தரை மணிக்கு வந்து மோட்டாரைப் போடுவார், கூடவே பாட்டையும் போடுவார். தொட்டி ஏறியதும் ஆறே காலுக்கு வால்வைத் திறப்பார், விளக்குகளைப் போடுவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அவராகப் பழக்கப்படுத்திக்கொண்டது. பாட்டுக் கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் குடத்தைக் கழுவ ஆரம்பிப்பார்கள். எங்கள் தெருவில் குழாயில் அழுத்தம் குறைவு. அதனால் எல்லா வீட்டு வாசலிலும் குழி தோண்டி, தரைக்குக் கீழே குழாய் வைத்திருப்போம். குனிந்து குனிந்து குடம் குடமாகத்தான் எடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் வரும், நின்றுவிடும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 280 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பத்தொன்பது குடம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இரண்டு நாளுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு குடத்தை அந்த முக்கால் மணி நேரத்தில் பிடித்தாக வேண்டும். பத்து நிமிடம் தாமதமாகப் போனால் எத்தனை குடம் குறையும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒருநாள் பாட்டு நின்றது. பூங்காச் சுவரை ஒட்டி ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் இருக்கிறார். அவருக்கு உடம்பு முடியவில்லை, குழாய் ஸ்பீக்கர் நேரே அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. புகார் கொடுத்தார். அதில் தப்பே கிடையாது. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம்தான் எங்களுக்குச் சிரமம் தொடங்கியது. தண்ணீர் அதே நாளில்தான் வந்தது, ஆனால் ஒருநாள் நாலரைக்கு, ஒருநாள் ஏழுக்கு. பாட்டு இருந்தவரை அந்த அண்ணனும் ஐந்தரை மணி என்பதை விடாமல் வைத்திருந்தார், இப்போது அவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. குழிக்கும் வாசற்படிக்கும் மாலையில் நாலு தடவை நடப்பார், குழாயில் காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. பாட்டு நின்றதால்தான் இது என்று எங்கள் யாருக்கும் முதலில் தோன்றவேயில்லை.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி, பாட்டை நிறுத்திய தீர்மானத்தின் நகலைக் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தந்தார்கள். அப்படி ஒரு தீர்மானமே மன்றத்தில் நிறைவேற்றப்படவில்லை என்று பதில் வந்தது. யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள், யாரோ கழற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். பாட்டு வேண்டும் என்பதைவிட, இதை நாலு பேர் முன்னால் பேசித்தான் முடிவு செய்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுத்தோம். அடுத்த கூட்டத்தில் மன்றப் பொருளாக வந்தது.

கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று இருபதுக்கு மேல் பொருள்கள். ஒவ்வொன்றையும் எழுத்தர் வாசிப்பார்: "மின்மோட்டார் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினம் மன்றத்தின் பார்வைக்கும் அங்கீகாரத்திற்கும் வைக்கப்படுகிறது." மேஜையைத் தட்டுவார்கள், முடிந்தது. பிளீச்சிங் பவுடர், பைப் லைன் உடைப்பு, எல்இடி விளக்கு என்று லட்சங்கள் நிமிடத்துக்கு ஒன்றாகப் போயின. எந்த மோட்டார், அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) ஏன் மறுபடி மறுபடி எரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இருக்கலாம், அந்தக் காகிதத்தில் புரிகிற மாதிரி எதுவும் எழுதியிருக்கவும் இல்லை.

பூங்காப் பாட்டுக்கு வந்ததும் மன்றமே விழித்துக்கொண்டது. ஐம்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

முதலில் ஒருவர் எழுந்து, "வரியை ஏத்திட்டு பாட்டு போட்டு ஏமாத்துறீங்களா?" என்றார். 2022இல் சொத்து வரி உயர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம். அந்த வலி எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அவர் கேட்டது நியாயமான கோபம், ஆனால் கணக்கு வேறு. 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 3.7 யூனிட். ஆறு மணி நேரம் ஓடினால் 22 யூனிட். 60 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் தினமும் இரண்டு மணி நேரம் பாடினாலும் மாதம் முழுவதற்கும் நாலு யூனிட்டைத் தாண்டாது. அந்த மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுகிற கரண்டுதான் பூங்காவின் ஒரு மாதப் பாட்டு. இந்தக் கணக்கைச் செயல் அலுவலரே எழுந்து சொன்னார். அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்து, யார் பாட்டு என்ற சண்டை. காலையில் பக்திப் பாட்டுப் போடலாம் என்றார் ஒருவர். எந்தச் சாமி பாட்டு என்று இன்னொருவர் கேட்டார். எங்கள் வார்டில் மூன்று மதத்துக்காரர்களும் இருக்கிறோம் என்றார் மூன்றாமவர். கட்சிப் பாட்டு வந்தால் நான் வெளிநடப்பு செய்வேன் என்று ஒரு குரல். இதை வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். பொது இடத்தில் யாருடைய குரல் ஒலிக்கலாம் என்பதை ஊர் எங்காவது உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். மன்றத்தில் பேசாவிட்டால் அது தெருவில் பேசப்படும்.

சட்டமும் வந்தது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் வரம்பு. பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்க, இளநிலை உதவியாளர் ஒருவரும் ஃபிட்டரும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தார்கள். 130 மீட்டர்.

எங்கள் பக்கத்து வார்டு உறுப்பினர் அக்கா அதுவரை பேசவில்லை. பீடி சுற்றும் வீடு அவர்களுடையது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று வந்ததால் மன்றத்துக்கு வந்தவர். எழுந்து நின்றார். "தலைவரே, பாட்டு வேணுமா வேண்டாமான்னு கேக்காதீங்க. பாட்டு நின்னதுலருந்து தண்ணி எப்ப வரும்னு எங்க தெருவுக்குத் தெரியல. அதை யாரு சொல்லப் போறா?"

தலைவர் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அக்கா விளக்கினார். ஐந்தரை மணி, மோட்டார், பாட்டு, குடம், ஆறே கால். இன்னொன்றும் சொன்னார். அந்த அண்ணன் வராத நாளில் பூங்கா விளக்கைப் போடவும் ஆள் இல்லை, இருட்டுக்குப் பயந்து பெண்கள் நடக்கப் போவதில்லை, பிள்ளைகளை விளையாட அனுப்புவதும் இல்லை என்று. தண்ணீரும் விளக்கும் பாட்டும் ஒரே சுவிட்சுப் பலகையில், ஒரே மனிதரின் கையில் இருப்பது அந்த மன்றத்தில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. குடிநீர் தொடர்பாக அன்று ஐந்தாறு பொருள் நிறைவேறியிருந்தது. ஒன்றில்கூட இது வெளியே வரவில்லை, பாட்டைப் பற்றிப் பேசும்போதுதான் வந்தது. மோட்டார் பில்லைப் பார்த்து என்ன கேட்பது என்று அக்காவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மாலை ஐந்தரைக்கு என்ன கேட்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கேள்வி கேட்டவர் நேர விரயம் என்று சொன்ன ஐம்பது நிமிடத்தில் நான் பார்த்தது இதைத்தான்.

பூங்காவில் பாட்டுப் போடுவது உள்ளாட்சிக்குப் புதிய வேலையும் அல்ல. 1924இல் சென்னையில் தொடங்கிய ஒரு வானொலிச் சங்கம் பணமில்லாமல் 1927இல் மூடியபோது, அதன் ஒலிபரப்புக் கருவியை எடுத்து 1930இல் ஒலிபரப்பை நடத்தியது சென்னை மாநகராட்சி. தண்ணீர் விடுகிற, குப்பை அள்ளுகிற அதே மாநகராட்சிதான். கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களுக்குப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அது நடந்தது. மாலையில் காற்று வாங்க வந்தவர்களுக்கு இசை தருவதும் தங்கள் வேலை என்று ஒரு மாநகராட்சி அன்றைக்கே நினைத்திருக்கிறது.

சரி, எங்கள் ஊரில் என்ன முடிவானது? வாத்தியாரைப் பேச விட்டார்கள், அதற்குத் தலைவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. "அந்தக் குழாயை என் ஜன்னல்லருந்து திருப்புங்க, போதும்" என்றார். மைக் செட் வைத்திருக்கும் பையன் ஒருவன் வழி சொன்னான். தூரத்துக்குக் கேட்பதற்காக உயரத்தில் ஒரே குழாயை வைத்து அலற விடுவதுதான் தொல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் ஆறு சின்னப் பாக்ஸ் ஸ்பீக்கரை ஆள் உயரத்தில், பூங்காவின் உள்பக்கம் பார்த்து வைத்தால் பெஞ்சில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், சுவரைத் தாண்டும்போது அடங்கிவிடும் என்றான். தெருவுக்குக் கேட்க வேண்டுமே என்று அக்கா கேட்டார். தெருப் பக்கம் பார்த்து ஒரே ஒரு பாக்ஸ், அதுவும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் என்று முடிவானது.

தீர்மானத்தில் எழுதியது: மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. வாத்திய இசையும் வானொலியும் மட்டும். மதப் பாட்டு, கட்சிப் பாட்டு கிடையாது. பொதுத்தேர்வு முடியும்வரை மார்ச், ஏப்ரலில் தெருப் பக்க ஐந்து நிமிடம் தவிர வேறு சத்தம் இல்லை. தண்ணீர் விடும் நாளும் நேரமும் பூங்கா வாசலில் பலகையில் எழுத வேண்டும். விளக்குக்குத் தானாக எரியும் டைமர்.

டைமர் வந்துவிட்டது. பலகையும் வந்தது, இரண்டு வாரம் எழுதினார்கள், இப்போது அழிந்து கிடக்கிறது. பாட்டு மட்டும் முறை நாளில் ஐந்தரைக்குத் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று வாத்தியார் சொல்கிறார். நான் போய் நின்று கேட்டேன், அவர் சொல்வது சரி. வடக்கு மூலை விளக்கு இன்னும் எரியவில்லை. இரண்டையும் ஒரே மனுவில் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்துக்கு வரும்.