பிளஸ் ஒன் மகன் விளையாடவே போவதில்லை: அகாடமியில் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன, சார். பிளஸ் ஒன் படிக்கும் மகன் பள்ளி, ட்யூஷன், செல்போன் என்றே இருக்கிறான், "எங்க காலத்துல சாயங்காலம் ஆனா தெருவுலதான் கிடப்போம், இவன் வெயிலையே பார்க்கிறதில்லை" என்பது ஒன்று. ஒரு கிரிக்கெட் அகாடமியில் சேர்த்துவிட்டால் உடம்புக்கும் ஆச்சு, இன்ஜினியரிங் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் ஆச்சு என்பது மற்றொன்று. முதல் கவலை நியாயமானது. இரண்டாவது யோசனையில் பணமும் போகும், பையனுக்கு இருக்கிற கொஞ்ச ஆசையும் போகும்.

ஒதுக்கீட்டுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. கலந்தாய்வுக்கு வரும் மொத்த இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த 500க்கும் விளையாட்டுச் சான்றிதழ்களைத் தனியாகச் சரிபார்த்து, மதிப்பெண் போட்டு, தரவரிசை தயாரிக்கிறார்கள். அங்கே எடுபடுவது அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களும் பள்ளிக் கல்வித் துறையும் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி வரும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் அந்தப் பாதையில் வருபவை. தனியார் அகாடமி தன் ஆண்டு விழாவில் கொடுக்கும் கோப்பையும், தன் மாணவர்களுக்குள்ளேயே நடத்தும் 'லீக்' சான்றிதழும் செல்லாது. மகனைச் சேர்க்கும்போது இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

சென்னை ஐஐடியும் 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கென ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், தேசிய அளவிலோ சர்வதேச அளவிலோ பதக்கமும் வேண்டும். பதினாறு வயதில் முதல்முறையாகப் பேட் பிடித்து இரண்டு ஆண்டில் அங்கே போய் நிற்க முடியாது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடியே இந்திய அணிக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார். ஆனால் அவர் ஊரில் ஆடிக்கொண்டே இருந்தார், திறமை வெளியே தெரிந்தது, பிறகு வழிகாட்டினார்கள். உங்கள் மகன் விஷயத்தில் ஆட்டமே இன்னும் தொடங்கவில்லை.

ஆகவே ஒதுக்கீட்டை மறந்துவிடுங்கள். விளையாட்டை மறக்க வேண்டாம். அதுதான் நான் சொல்ல வருவது.

இப்போது 'எங்க காலத்துல' என்பதற்கு வருவோம். இன்றைய பிள்ளைகள் பொழுதுபோக்காக விளையாடுவது குறைந்துவிட்டதா? கண்ணால் பார்த்தால் ஆமாம். எண்ணிக்கையில் பார்த்தால் கொஞ்சம் சிக்கல். உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர், தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்ற அளவை எட்டவில்லை. உலக அளவில் பையன்களில் 78, பெண்களில் 85. இந்தியப் பையன்களில் 72. அதாவது நம் பையன்கள் மோசம்தான், ஆனால் உலக சராசரியைவிடத் தேவலை. அதற்கு அவர்கள் ஊகித்த காரணம் என்ன தெரியுமா? தெருவிலும் பொட்டலிலும் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஆடும் கிரிக்கெட். எந்தப் பயிற்சியாளரும் இல்லாத அந்த ஆட்டம்தான் நம் கணக்கைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. 2001க்கும் 2016க்கும் இடையில் உலக அளவில் பெரிய மாற்றமும் இல்லை. பையன்களில் லேசான முன்னேற்றம், பெண்களில் அதுகூட இல்லை.

இது மொத்த உடலுழைப்பின் கணக்கு. தெருவிளையாட்டை மட்டும் தனியாக யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் நம் ஊர்களில் அது ஏன் சுருங்கியது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆய்வு தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி மனையில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அந்த அடுக்குமாடியின் கீழே 'பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், கண்ணாடி உடைந்தால் யார் கொடுப்பது? பள்ளி வேன் வீட்டில் இறக்கிவிடும்போதே ஐந்தரை. காசு இருக்கிறவர்கள் டர்ஃப் எனும் செயற்கைப் புல் மைதானத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறார்கள். அது விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் காசு பகிர முடியாத பையன் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து தானாகவே ஒதுங்கிவிடுவான்.

இதையெல்லாம்விட ஒரு காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பெற்றோர் யாரும் அதைச் சொல்வதில்லை. தெரு ஆட்டத்துக்கு எட்டுப் பேராவது ஒரே நேரத்தில் சும்மா இருக்க வேண்டும். உங்கள் காலத்தில் எல்லோருமே ஐந்து மணிக்குச் சும்மா இருந்தார்கள். இன்றைக்கு ஒருவனுக்கு ஐந்தரைக்கு கணக்கு ட்யூஷன், இன்னொருவனுக்கு ஆறரைக்கு வேதியியல், மூன்றாவது பையனுக்கு சனி, ஞாயிறு முழுக்க நீட் வகுப்பு. ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் இருக்கிறது. எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு மணி நேரம் இல்லை. அவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிக்குவது இரவு ஒன்பதரைக்கு. அந்த நேரத்தில் எந்த மைதானமும் திறந்திருக்காது, ஃப்ரீ ஃபயர் என்ற செல்போன் ஆட்டம் மட்டும்தான் திறந்திருக்கும். செல்போன் விளையாட்டைக் கொன்றுவிட்டது என்று நாம் பேசுகிறோம். பாதி வீடுகளில், விளையாட்டு செத்த இடத்தில்தான் செல்போன் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. இப்போது பிளஸ் ஒன்னில் இருக்கும் பிள்ளைகள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நாலாவது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தவர்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்குப் பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ல். தெருவில் ஒரு கூட்டம் சேர்ந்து, 'நாளைக்கும் வாடா' என்று பழகும் வயது அது. இவர்களுக்கு அந்தக் கூட்டம் சேரவே இல்லை. "வெளியே போய் விளையாடுடா" என்று நீங்கள் விரட்டும்போது அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது சோம்பேறித்தனம் இல்லை. யாரோடு போய் விளையாடுவது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

சரி, தெரு ஆட்டம் போனால் என்ன, அகாடமியில் ஓடவும் குதிக்கவும் வைக்கிறார்களே என்று கேட்கலாம். உடம்புக்கு அது போதும். ஆனால் அங்கே அணி பிரிப்பது பயிற்சியாளர், அவுட் சொல்வது பயிற்சியாளர், சண்டை வந்தால் விலக்குவதும் அவர். தெருவில் எல்லாமே பிள்ளைகள் தலையில். சாட் பூட் த்ரீ போட்டு அணி பிரித்து, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டினால் அவுட் என்று விதி போட்டு, ஒன் பிட்ச் கேட்ச் உண்டா இல்லையா என்று அடித்துக்கொண்டு, அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனையும் விட்டுவிடாமல் (ஏனென்றால் பேட் அவனுடையது) சமாளித்து, யாரோ ஒருவனின் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறோம் என்று இறுதியாண்டு மாணவர்களைக் குழு விவாதத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இதைத்தான். பன்னிரண்டு வயதில் ஓசியில் கிடைத்ததை இருபத்தொரு வயதில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். தெருவில் ஆடியவனுக்கெல்லாம் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பேசத் தயங்கும் மாணவர்களிடம் 'நண்பர்களோடு கடைசியாக எப்போது விளையாடினாய்' என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வெகு காலத்துக்கு முன்னால் போய் நிற்கிறது.

மதிப்பெண் குறையுமோ என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். பள்ளிகளில் உடற்கல்விக்கு நேரம் கூட்டியதால் மதிப்பெண் சரிவதில்லை என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. நம் பள்ளிகளிலோ பி.டி. பீரியட் என்றாலே கணக்கு ஆசிரியர் வந்துவிடுவார். வெளியே பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதும் உறுதியாகியிருக்கிறது. தைவானில் இதற்காகவே 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கவைக்கும் திட்டம் நடக்கிறது.

உடல்தகுதி நேரடியாகக் கேட்கப்படும் வேலைகளும் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். வனக் காப்பாளர் தேர்வில் 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு மைதானத்தில் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் மகனுக்கு இந்தப் பக்கம் நாட்டமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

என்ன செய்யலாம்? முதல் வேலை உங்களுடையது, அவனுடையது இல்லை. அவனுடைய நெருங்கிய நண்பர்கள் மூன்று நான்கு பேரின் பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு மாலைகள், எல்லோருக்கும் ஒரே நேரம் காலியாக இருக்கும்படி ட்யூஷனை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ட்யூஷன் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை. முடியவில்லை என்றால் ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு. பள்ளி மைதானத்தை அந்த நேரத்துக்குத் திறந்துவிடச் சொல்லி நாலு பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். தனியாகப் போனால் பார்க்கலாம் என்பார், நாலு பேராகப் போனால் சாவி யாரிடம் இருக்கும் என்று பேச ஆரம்பிப்பார்.

அப்புறம் ஒதுங்கிவிடுங்கள். கிட் பேக், ஸ்பைக்ஸ் ஷூ எதுவும் வாங்க வேண்டாம், ஒரு பேட்டும் இரண்டு டென்னிஸ் பந்தும் போதும். போய் நின்று பார்க்காதீர்கள். திரும்பி வந்ததும் எத்தனை ரன் என்று கேட்காதீர்கள். கிரிக்கெட்தான் என்றும் இல்லை, ஷட்டில், வாலிபால், சும்மா சைக்கிளில் சுற்றிவிட்டு வருவது எல்லாமே கணக்கில் வரும். இரவு ஒன்பதரை ஆட்டத்தை முதல் நாளே பிடுங்கினால் அவன் நண்பர்களையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும். நேரில் ஆடத் தொடங்கியபின் அதைக் குறைக்கச் சொல்லுங்கள், அப்போது பேரம் பேச உங்கள் கையிலும் ஏதாவது இருக்கும்.

பிளஸ் டூ வந்ததும் 'ஒரு வருஷம்தானே, எல்லாத்தையும் நிறுத்து' என்ற பேச்சு வீட்டில் எழும். நிறுத்த வேண்டாம். டிசம்பர் வரை இதே போக்கில் போகட்டும், செய்முறைத் தேர்வு நெருங்கும்போது இரண்டு மாலையை ஒன்றாக்கலாம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் தேர்வுக்குத் தூக்கம் முக்கியம். உடம்பு களைத்தவன் படுத்ததும் தூங்குவான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தின் நடுவில் ஒரே வரியில், "மகள் எட்டாவது, அவ வீட்டுலயேதான் இருப்பா, பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் வீட்டிலேயே இருந்தால் பிரச்சினை, மகள் இருந்தால் இல்லையா? மேலே சொன்ன ஆய்வில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பையன்களைவிடப் பெண்கள்தான் பின்தங்கியிருக்கிறார்கள். 'எங்க காலத்துல எல்லாரும் தெருவுல கிடந்தோம்' என்று அப்பாக்கள் சொல்லும்போது அந்த 'எல்லாரும்' பெரும்பாலும் பையன்கள்தான். உங்கள் அக்கா, தங்கை வயதுக்கு வந்த பிறகு நொண்டி ஆடினார்களா, கண்ணாமூச்சி ஆடினார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை குறைந்துபோக அங்கே பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இன்றைக்குப் பள்ளியில் எறிபந்து, கோ-கோ, கபடி ஆட அவர்களுக்கு அன்றைவிட வழி அதிகம். தடுப்பது வேறு: மைதானத்தில் நல்ல கழிப்பறை இருக்காது, மாலை ஆறு மணிக்கு மேல் தனியாகத் திரும்ப வேண்டும், மாதவிடாய் நாட்களில் யாரிடம் சொல்வது என்று தெரியாது. இவை மூன்றும் உடற்கல்வி ஆசிரியரிடம் உங்கள் மனைவியோ நீங்களோ ஒருமுறை பேசினால் பாதி தீரும். இரண்டு மூன்று தாய்மார்கள் முறை வைத்துக் கூட்டிவந்தால் மீதியும் தீரும்.

மகனுக்கு நான் வேண்டாம் என்று சொன்ன சான்றிதழ் பாதை, வயதைப் பார்த்தால் மகளுக்குத்தான் இன்னும் திறந்திருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடத்திச் சேர்க்கிறார்கள். தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுப் பிரிவுகள் உண்டு, தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் அவளிடம் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். முதலில் பள்ளியில் எந்த ஆட்டம் பிடிக்கிறது என்று அவளைக் கேளுங்கள். ஒரு பருவம் ஆடட்டும். அவளாகவே இன்னும் வேண்டும் என்றால், உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விடுதித் தேர்வு தேதியை விசாரித்து எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.