ப்ரீஎம்ப்ட் வேறு, ப்ரிவென்ட் வேறு

"வாடிக்கையாளர் புகாரை 'ப்ரீஎம்ப்ட்' செய்யலாம் என்று மின்னஞ்சலில் எழுதினேன், மேலதிகாரி அதை 'ப்ரிவென்ட்' என்று திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானா? அதில் வரும் 'எம்ப்ட்', காலி என்கிற 'எம்ப்டி'யா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எம்ப்டிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது பழைய ஆங்கிலம், இது லத்தீன். 'ப்ரே' என்றால் முன்னால், 'எமெரே' என்றால் வாங்குவது. ஆக, மற்றவர்களுக்கு முன்னால் வாங்கிவிடுவது. (வக்கீல்கள் சொல்லும் 'கேவியட் எம்ப்டார்' இருக்கிறதே, வாங்குகிறவர்தான் உஷாராக இருக்க வேண்டும் என்று, அதிலும் இதே எமெரேதான்.) ப்ரீஎம்ப்ஷன் என்ற பெயர்ச்சொல்தான் மூத்தது. அதை நறுக்கி ப்ரீஎம்ப்ட் என்று வினையாக்கியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. அங்கே அரசு நிலத்தில் பத்திரம் எதுவும் இல்லாமல் வீடு கட்டி உழுதுகொண்டிருந்தவர், அந்த நிலம் பொது ஏலத்துக்கு வரும் முன்பே ஏக்கர் 1.25 டாலர் வீதம் 160 ஏக்கர் வரை தானே வாங்கிக்கொள்ளலாம் என்று 1841இல் ஒரு சட்டம் வந்தது. பணமூட்டையோடு ஏலத்துக்கு வருகிறவருக்கு அப்புறம் அங்கே என்ன வேலை?

சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் முந்தியதால் அடுத்தவருக்கு இடம் இல்லாமல் போக வேண்டும், இல்லையென்றால் அது வெறும் முந்திரிக்கொட்டைத்தனம். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பெரிய சீட்டுகள் குறைவு, ஆனால் ஸ்பேடு மட்டும் ஏழு இருக்கிறது என்றால், ஆட்டத்துக்கு முன் நடக்கும் ஏலத்தில் எடுத்த எடுப்பிலேயே 'மூன்று ஸ்பேடு' என்று உயரக் கேட்டுவிடுவார்கள், எதிரணி தங்களுக்குள் ஏலம் கேட்டுச் சீட்டுகளைத் தெரிந்துகொள்ள இடமே இருக்காது. அதற்கும் ப்ரீஎம்ப்ட் என்றுதான் பெயர். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திவிட்டு இயங்குதளம் இன்னொன்றுக்கு முறை கொடுப்பதும், டிவியில் அவசரச் செய்தி வந்து தொடரின் நேரத்தைப் பிடித்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

சரி, உங்கள் மின்னஞ்சல். சரக்கு இரண்டு நாள் தாமதமாகும் என்று வாடிக்கையாளர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிட்டால் அது புகாரை ப்ரீஎம்ப்ட் செய்வது. தாமதமே ஆகாமல் பார்த்துக்கொண்டால், தாமதத்தை ப்ரிவென்ட் செய்கிறீர்கள். நீங்கள் சொல்ல வந்தது முதலாவது என்றால் மேலதிகாரியின் திருத்தம் தேவையில்லாதது, இலக்கணம் சரியாக இருந்தாலும் பொருள் நழுவிவிட்டது. போர் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் இன்னும் கறாரானது: எதிரி இதோ அடிக்கப் போகிறான் என்ற நிலையில் முந்தி அடித்தால் ப்ரீஎம்ப்டிவ், என்றைக்காவது பலம் பெற்றுவிடுவான் என்று இன்றே அடித்தால் ப்ரிவென்டிவ்.

ப்ரோஆக்டிவ் என்று மாற்றி எழுதலாமா என்றால், வேண்டாம். அது பொதுவாக முன்கூட்டியே செயல்படும் குணம், அதில் யாருடைய வாயையும் அடைக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதுவதானால் 'புகார் வரும் முன் முந்திக்கொள்வோம்' என்றாலே போதும்.