நடனம், ஒளி, கணினி: இதைப் படிக்க வைக்கலாமா? சுங்கை சிப்புட் தாய்க்குப் பதில்

அம்மா, படிவம் 5 படிக்கும் மகள் பரதத்தையும் லைட்டையும் கணினியையும் சேர்த்து ஏதோ செய்யப் போவதாகச் சொல்கிறாள், அதற்குப் பெயர்கூடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் ஊடாடும் நிறுவல் கலை. ஆடுபவரின் அசைவைக் கேமராவோ சென்சாரோ படிக்கும், அதற்கேற்ப ஒளியும் படமும் மாறும். அப்படி ஓர் இடத்தையே அமைப்பதுதான் வேலை. நேற்று முளைத்த மோகமும் அல்ல. அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர் 1890களிலேயே பாரிசில் பட்டுத் துணியைச் சுழற்றி அதன்மேல் வண்ண ஒளி விழ ஆடினார்.

சோறு போடுமா என்ற உங்கள் பயம் நியாயமானது. கலைப்படைப்பை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் இங்கே குறைவு. ஆனால் அதே கைத்திறனுக்கு நிறுவன விழா, பேரங்காடி, அருங்காட்சியகம், கச்சேரி மேடை, கல்யாண விருந்து என்று எல்லா இடத்திலும் தேவை இருக்கிறது. ஆகவே அவள் எடுக்கும் படிப்பில் விலைபோகும் தொழில் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அது மின்னமைப்பா, நிரலாக்கமா, மேடை ஒளியா என்பதை நீங்களும் நானும் ஊகிக்க வேண்டாம். பள்ளி விடுமுறையில் மூன்று நிமிடப் படைப்பு ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தூக்கத்தை மறந்து உட்காருகிறாள் என்று பாருங்கள்.

செலவு பெரிதல்ல. வெப்கேம் உள்ள மடிக்கணினி வீட்டில் இருந்தால் போதும். அசைவுக்கேற்பப் படத்தையும் ஒளியையும் மாற்ற உதவும் டச்டிசைனர் மென்பொருளின் வணிகமற்ற உரிமம் இலவசம். அதில் படத்தின் அளவு 1280க்கு 1280 புள்ளிகளைத் தாண்டாது, பயிற்சிக்கு அது தாராளம். மீடியாபைப் என்ற இலவசக் கருவி சாதாரண வெப்கேமிலிருந்தே உடலின் 33 புள்ளிகளைப் பின்தொடரும். இவற்றோடு நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஓர் இஎஸ்பி32, ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக மாற்றக்கூடிய 2 மீட்டர் டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டை, அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பியெசோ வட்டு. மண்டபத்து ப்ரொஜெக்டரை இரவல் கேளுங்கள்.

முதல் சிக்கல் இருட்டு. படம் பளிச்சென்று தெரிய மண்டபம் இருட்டாக இருக்க வேண்டும். கேமராவுக்கோ வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கும், கை மங்கலாகும், புள்ளிகள் துள்ளும். விளக்கை இரு பக்கவாட்டிலும் தாழ்வாக வைத்தால் ஒளி உடம்பில் படும், பின்சுவரில் படாது. அதுவும் போதாவிட்டால், சிசிடிவிக்கு விற்கும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும் அந்த ஒளியை வாங்கும் கேமராவும் சேர்ந்து கைகொடுக்கும். பயிற்சியின்போது விசிறி மடிப்புள்ள உடை வேண்டாம். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் மடிப்பு விரிந்ததும் முழங்கால் எங்கே என்று மென்பொருள் தடுமாறும்.

அடுத்தது தாமதம். தாளம் தெரிந்த பெண்ணுக்குத்தான் இது உறுத்தும்; உங்கள் மகளின் பலமும் இங்கேதான். நிமிடத்துக்கு 60 தட்டு என்று நிதானமாகப் போனாலும் வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கு 4 காலடி, அதாவது 250 மில்லி விநாடிக்கு ஒரு காலடி. வெப்கேம் விநாடிக்கு 30 படம் எடுப்பதால் ஒரு படத்துக்கே 33 மில்லி விநாடி போய்விடும். கணக்கீடும் ப்ரொஜெக்டரும் தம் பங்கைச் சேர்த்தால் மொத்தம் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது ஒளி காலடிக்குப் பின்னால் நொண்டும். கணினியை மாற்றி இது முழுதாகத் தீராது. கேமராவை அபிநயத்துக்கும் மெதுவான கையசைவுக்கும் வைத்துக்கொள்ளட்டும். காலால் தட்டி ஆடும் தட்டடவுக்கு, ஆடும் மரப்பலகையின் கீழ்ப்புறத்தில் பியெசோ ஒட்டி இஎஸ்பி32இல் இணைக்கட்டும். அதற்கு இணையாக 1 மெகா ஓம் மின்தடை, இஎஸ்பி32 தாங்கும் 3.3 வோல்ட்டைத் தாண்டாதபடி தடுக்க ஒரு சீனர் டையோடு. ஓர் அடி பதிவானதும் 80 மில்லி விநாடிக்கு அடுத்ததை எண்ணாமல் விடும்படி நிரல் எழுதினால் ஓர் அடி இரண்டாகப் பதியாது. வைஃபை ஓடும்போது இஎஸ்பி32இன் 32 முதல் 39 வரையான முனைகளில்தான் இதை இணைக்க வேண்டும். மற்ற அனலாக் முனைகள் வேலை செய்யாது.

மின்சாரத்தில் மட்டும் நீங்கள் கூடவே இருங்கள். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள பட்டையில் 2 மீட்டருக்கு 120 விளக்கு. முழு வெள்ளையில் ஒன்றுக்கு ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர், மொத்தம் 7.2 ஆம்பியர். 5 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், அதுவும் முழுதாக மூடியதாக. திருகு முனை வெளியே தெரியும் மலிவுப் பெட்டியில் 230 வோல்ட் வீட்டு மின்சாரம் கைக்கு எட்டும். வெறுங்காலோடு வியர்த்து ஆடும் இடத்தில் அது கூடவே கூடாது. பட்டையின் கடைசி விளக்குகள் மஞ்சளடித்தால் மின்னழுத்தம் இறங்கிவிட்டது என்று பொருள், மறுமுனையிலும் மின்சாரம் கொடுக்கவும். உடையில் தைக்கும் விளக்குக்குப் பவர் பேங்க் மட்டுமே. சில பவர் பேங்க் இருண்ட காட்சியில் மின்னோட்டம் குறைந்ததும் தானாக அணைந்துவிடும், முன்பே சோதித்துப் பார்க்கட்டும்.

இனிப் படிப்பு. சாலிடரிங்கிலும் விளக்கிலும் மூழ்கினால் ஈப்போவின் உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் மின்சாரம் அல்லது மின்னணு டிப்ளோமா. செலவு குறைவு, வீட்டுக்கும் பக்கம், நடன வகுப்பும் நிற்காது. என் சாய்வு இதன் பக்கம்தான். திரையிலும் நிரலிலும் மூழ்கினால் சைபர்ஜெயா மல்டிமீடியா பல்கலைக்கழகம். தனியார் என்பதால் கட்டணத்தை முதலிலேயே கணக்கிடுங்கள். ஆடுவதை விடவே முடியாதென்றால் கோலாலம்பூரில் உள்ள தேசியக் கலைக் கல்விக்கூடமான அஸ்வாரா. உள்ளே போகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. எதுவானாலும் படிப்புகளின் தகுதியைச் சரிபார்க்கும் எம்கியூஏ அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனைப் பற்றி விசாரியுங்கள். பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தள ஆண்டுக்குக் கடன் கிடைக்குமா, கைக்காசா என்பதையும் கேளுங்கள். மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை, ஒத்திகை என்று சொல்லி அந்த இரண்டையும் தள்ளிப்போட விடாதீர்கள்.

பிறகு சுயேச்சையாக வேலை செய்தால் இபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமநிதிப் பணத்தை அவளே கட்ட வேண்டும். அதற்கு ஐ-சரான் திட்டம் இருக்கிறது. சொந்தப் படைப்புக்கு செண்டானா என்ற கலை வளர்ச்சி அமைப்பு மானியம் தருகிறது, ஆனால் விண்ணப்பத்தோடு செய்த வேலையையும் காட்ட வேண்டும். ஆகவே விடுமுறைப் படைப்பை வெட்டாமல் ஒரே ஷாட்டில், முழு உடம்பும் தெரியப் பதிவு செய்யுங்கள். கூடவே வயரிங் படமும், எந்தப் பகுதியை அவளே எழுதினாள், எதை இணையத்திலிருந்து எடுத்தாள் என்ற ஒரு பக்கக் குறிப்பும் இருக்கட்டும்.